நாட்டுச் செம்மறிக்குக் கிரயம் குறிக்கும் முறை



ஆண்டுதோறும் துல்கஅதா பிறை பிறந்துவிட்டால் சிராங்கூன் சாலையிலும் டன்லப் தெருவிலும் நம்மவர் கடைகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடுகிறது. "ஊரிலே இந்த வருஷம் குர்பானி ஆடு என்ன விலை, பாய்? எத்தனை வெள்ளி அனுப்பினால் போதும்?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கடைக்காரரும் ஊருக்குத் தொலைபேசியில் விசாரித்து ஒரு தொகையைச் சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரர் அதைவிட இருபது வெள்ளி குறைத்துச் சொல்கிறார். மூன்றாமவர் இன்னும் பத்து வெள்ளி இறங்குகிறார். துணிக்கும் மளிகைக்கும் இவ்வாறு போட்டியிட்டு விலை இறக்குவது வியாபாரத்தில் வழக்கந்தான். ஆனால் குர்பானி ஆட்டுக்கு இறக்கிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குக் கீழே ஆட்டின் வயதுதான் இறங்கும். வயது நிரம்பாத ஆட்டை அறுத்தால் குர்பானி நிறைவேறாது. பணம் கொடுத்தவர் சிங்கப்பூரில் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார். ஊரிலோ அவர் பேரால் வெறும் கறிதான் பங்கிடப்பட்டிருக்கும்.

இப்படி ஒரு நிலைமை வராமல் இருக்க வேண்டுமானால், பொறுப்பேற்று ஆடு வாங்கிக் கொடுக்கும் நம் வர்த்தகர்கள் அந்த ஆட்டுக்கு விலை எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

கால்நடை வியாபாரம் நம் தேக்கா வட்டாரத்துக்குப் புதியதல்ல. கண்டாங் கெர்பாவ் என்ற பழைய பெயருக்கே எருமைத் தொழுவம் என்றுதான் பொருள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, கால்நடை வணிகர் பெலிலியஸின் பெயரைத் தாங்கிய சாலை எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சங்கள். தொழுவங்கள் போய்விட்டன, பெயர்கள் மட்டும் நிற்கின்றன. இக்காலத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களின் குர்பானிக்கு ஆஸ்திரேலிய ஆடுகளையே பெரிதும் நம்பியிருக்கிறோம். 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் ஆடுகளை இங்கே கொண்டுவர முடியாமல் போகவே, அறுப்பை ஆஸ்திரேலியாவிலேயே நடத்தி இறைச்சியைக் குளிரூட்டி இங்கே அனுப்பினார்கள். அந்த ஆடுகள் பெரியவை. அநேகமாக 40 கிலோவைத் தாண்டியவை. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் ஊர்ச் செம்மறி குட்டியாகவே தோன்றும். முதல் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

நம் ஊர்ச் செம்மறி இயற்கையிலேயே சிறியது. திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கத்துக் கீழக்கரிசல் ஆட்டில் முழு வளர்ச்சியடைந்த கிடாய் ஏறத்தாழ 30 கிலோவும், பெட்டை 21 அல்லது 22 கிலோவும் இருக்கும். இராமநாதபுரம் வெள்ளை ஏறக்குறைய அதே அளவுதான். பொட்டு ஆடு என்று நம்மவர் அழைக்கும் வேம்பூர் ஆடு சற்றுப் பெரியது. கிடாய் 35 கிலோவரை வரும். சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டில் கிடாய் 35 கிலோவும் பெட்டை 22 கிலோவும் தேறும். வறண்ட காட்டில் மேய்ந்து, கோடையில் காய்ந்த புல்லையும் கருவேலங் காயையும் தின்று வாழ்வதற்கு ஏற்ற உடம்பு இது. ஆகவே 24 கிலோ ஆட்டைக் கண்டு "இது குர்பானிக்குப் போதுமா?" என்று தயங்க வேண்டியதில்லை. ஷரீஅத் எடையை நிபந்தனையாக வைக்கவில்லை. இனத்தையும் வயதையும் குறையின்மையையுந்தான் கேட்கிறது. ஆஸ்திரேலியாவின் 45 கிலோ ஆடும் ஒருவருக்கு ஒரு குர்பானிதான். கீழக்கரிசலின் 22 கிலோ ஆடும் ஒருவருக்கு ஒரு குர்பானிதான். கொழுத்த ஆடு சிறந்தது என்பது வேறு விஷயம்.

இதே சலுகைதான் சூதுக்கும் வாசல் திறக்கிறது. ஆடு சிறியதாயிருந்தாலும் கூடும் என்றால், "இது சின்ன ஜாதி ஆடு, பாய்" என்று சொல்லி ஏழு மாதக் குட்டியையும் தள்ளிவிடலாம் அல்லவா? சிறிய ஜாதிக்கும் இளங்குட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தராசு காட்டாது. பல்தான் காட்டும்.

பல்லும் வயதும்

செம்மறியின் கீழ்த்தாடையில் முன்பக்கம் எட்டுப் பற்கள். குட்டியில் எட்டும் பால்பற்கள். சிறியவை, வெண்மையானவை, ஒரே சீரானவை. ஏறக்குறைய 12 முதல் 18 மாதத்துக்குள் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து, அவ்விடத்தில் அகன்ற இரண்டு பற்கள் முளைக்கும். சந்தையில் இதை "ரெண்டு பல்" என்பார்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நாலு பல், மூன்று வயதை ஒட்டி ஆறு பல், அதற்குப் பின் எட்டும் நிறைந்து "கடைசேர்ந்தது". ரெண்டு பல் போட்ட செம்மறியைக் கண்டால் வயதைப் பற்றி வேறு விசாரணையே வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஷாபிஈ மத்ஹபில் செம்மறிக்கு ஒரு வயது நிறைய வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் முன்பல் விழுந்துவிட்டால் ஒரு வயதுக்கு முன்பும் கூடும். ஹனபி மத்ஹபிலும் ஒரு வயதே அடிப்படை. ஆனால் ஆறு மாதம் கடந்த செம்மறி, ஒரு வயது ஆடுகளுடன் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தால் கூடும். இந்தச் சலுகை செம்மறிக்கு மட்டுமே. வெள்ளாட்டுக்கு ஹனபியில் ஒரு வயதும் ஷாபிஈயில் இரண்டு வயதும் நிறைய வேண்டும். இங்கே மலாய்க்காரர்கள் வெள்ளாட்டைக் கம்பிங் என்றும் செம்மறியைப் பிரி-பிரி என்றும் பிரித்துச் சொல்ல, நம்மவரோ இரண்டையும் சேர்த்து "ஆடு" என்று முடித்துவிடுகிறோம். இரசீதில் வெறுமனே "ஆடு ஒன்று" என்று எழுதினால் எந்த வயது பேசப்பட்டது என்பதே தெரியாது.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு வயது நிறைந்தும் பல் போடாத செம்மறிகள் இருக்கின்றன. மேலே சொன்னபடி சில ஆடுகள் 18 மாதம்வரை எடுத்துக்கொள்ளும். மேலும் நாம் கணக்கிடும் வருஷம் பிறை வருஷம், 354 நாள்தான். ஆகையால் பால்பல் இருப்பதாலேயே ஆடு தகாதென்று சொல்லிவிட முடியாது. இவ்விடத்தில் கீதாரியின் வாக்கு வேண்டும். கிடை ஆடு வளர்ப்பவர்கள் வயலுக்கு வயல் ஆட்டை அடைத்து, எருவுக்குக் கூலி வாங்குகிறவர்கள். எந்தத் தாய் எந்த ஊர்க் கிடையில் இருந்தபோது ஈன்றது என்பது நல்ல கீதாரிக்கு மனப்பாடம். அவரிடம் நேரில் வாங்கினால் ஈன்ற மாதத்தைக் கேட்டறியலாம். மூன்று கை மாறிச் சந்தைக்கு வந்த ஆட்டுக்கு அந்த வாக்கு கிடையாது. அங்கே ரெண்டு பல்லைத்தான் பார்க்க வேண்டும். ரெண்டு பல் ஆடு சந்தையில் கொஞ்சம் கூடுதல் விலை போவதற்கும் இதுவே காரணம்.

எடையும் விலையும்

வயது உறுதியான பிறகே எடைக்கு வர வேண்டும். எட்டயபுரத்தில் சனிக்கிழமை, மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை, திண்டுக்கல் பக்கத்து அய்யலூரில் வியாழக்கிழமை என்று சந்தைகள் கூடுகின்றன. பெரும்பாலான சந்தைகளில் இன்றும் கண்மதிப்புத்தான் விலை. வியாபாரி முதுகெலும்பின் மேல் கைவைத்து அழுத்திப் பார்ப்பார். வால்மூட்டைப் பிடித்துப் பார்ப்பார். முன்னங்காலைத் தூக்கி நிறுத்துவார். "பதினோரு கிலோ கறி தேறும்" என்பார். பழகியவர் மதிப்பு அரைக் கிலோவுக்கு மேல் தவறாது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு அந்தக் கை இல்லை. ஆகவே உயிரெடையைக் கேட்டு வாங்குவதே நமக்கு நல்லது.

தராசு இல்லாத இடத்தில் தையற்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனைவரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு 66 சென்டிமீட்டர், நீளம் 60 சென்டிமீட்டர் என்றால் விடை 24 கிலோ. ஊரிலுள்ள தம்பி இரண்டு அளவையும் கைப்பேசியில் அனுப்பிவிட்டால், கடையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுவிடலாம்.

உயிரெடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி தேறும். நாட்டுச் செம்மறியில் நூற்றுக்கு 45 முதல் 48 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 24 கிலோ ஆட்டில் 11 கிலோ. மற்றவை தலை, கால், தோல், குடல், இரத்தம். இங்கே ஒரு பழைய தந்திரத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. சந்தைக்கு ஓட்டுமுன் உப்புக் கலந்த தீனியைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் காட்டினால் ஆடு வயிறு முட்டக் குடித்துவிடும். தராசில் இரண்டு கிலோ ஏறும். மடியில் பாலைக் கறக்காமல் தேக்கிவைத்துப் பெருக்கிக் காட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். வயிற்றில் தண்ணீரைத் தேக்குவதும் அதே குடும்பத்துக் காரியந்தான். வாங்கிய ஆட்டை ஓர் இரவு கட்டிவைத்துக் காலையில் நிறுப்பது என்று பேசிக்கொண்டால் இதற்கு இடமிருக்காது.

இனி விலைக்கு வருவோம். கணக்குக்காக உயிரெடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தை நிலவரம் வாரத்துக்கு வாரம் மாறும். பெருநாள் நெருங்க ஏறும். இரண்டு ஆடுகள் நிற்கின்றன. ஒன்று ரெண்டு பல் போட்டது, 24 கிலோ. மற்றொன்று ஏழு மாதக் குட்டி, 15 கிலோ. முதலாவது 9,600 ரூபாய். இரண்டாவது 6,000 ரூபாய். நடுவே 3,600 ரூபாய் வித்தியாசம். இந்த 3,600 ரூபாய் எதற்காக? அந்தக் குட்டி மேய்ச்சலில் நாளொன்றுக்கு 50 கிராம் கூடினால் ஐந்து மாதத்தில் ஏழரைக் கிலோ கூடி 22 கிலோவைத் தாண்டும். அந்த ஐந்து மாதமும் கீதாரி அதை மேய்க்க வேண்டும். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு நோய்களிலிருந்து காக்க வேண்டும். இடையில் செத்தால் நஷ்டம் அவருடையது. ஆக, 3,600 ரூபாய் என்பது ஐந்து மாதப் பாடும் ஐந்து மாத ஆபத்தும் சேர்ந்த கூலி. குர்பானிக்கு நாம் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்த ஐந்து மாதத்தைத்தான். கறியை மட்டும் பார்த்தால் இளங்குட்டியின் கறி மிருதுவானது. கசாப்புக் கடைக்காரர் அதையே விரும்புவார்.

கறிக்கடை விலையும் குர்பானி விலையும் பிரியும் இடங்கள் இன்னும் உண்டு. தன் ஆடு என்று அடையாளம் தெரிவதற்காக ஆட்டின் காதில் ஒரு துண்டு வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. கறிக்கடைக்காரருக்கு அதனால் நஷ்டமில்லை; விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டார். ஆனால் ஷாபிஈ மத்ஹபில் காதில் ஒரு துண்டு அறுந்து போயிருந்தாலும் அந்த ஆடு குர்பானிக்கு ஆகாது. ஹனபியில் காதின் பெரும்பகுதி போயிருந்தால்தான் ஆகாது. சினைப்பெட்டையும் அப்படியே. எடை கூடுதலாக நிற்கும், விலையும் கூடும்; ஷாபிஈயின் வலுவான கூற்றுப்படி அது கூடாது. மேச்சேரிக் கிடாய்க்குக் கொம்பில்லை என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த இனத்துக்கே கொம்பு கிடையாது. பிறவியிலேயே இல்லாதது குறையல்ல. விதையடித்த கிடாய் தாராளமாகக் கூடும். நன்றாகக் கொழுத்திருக்குமாதலால் விலையும் அதிகம். கண் தெரியாதது, நொண்டி, நோயாளி, எலும்பும் தோலுமாக இளைத்தது ஆகிய நான்கும் எவருக்கும் கூடாதென்பதை எல்லாரும் அறிவர்.

தோல் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேச்சேரித் தோல் பதனிடுவோரிடம் பேர் பெற்றது. கறி வியாபாரத்தில் தோல் விற்ற காசைக் கழித்துக்கொண்டு ஆட்டின் விலையைக் குறைக்கலாம். குர்பானியில் அது முடியாது. குர்பானி ஆட்டின் தோலை விற்றுக் காசாக்கிக்கொள்ளவோ, அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கவோ கூடாது. "தோலை நமக்கு விட்டுவிடுங்கள், அறுப்புக் கூலி வேண்டாம்" என்று ஒருவர் சொல்லி, அதை நம்பி இங்கே விலையைக் குறைத்திருந்தால், அந்தக் குறைந்த விலை கூடாத ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. அறுப்புக் கூலியை வேறாக எழுதிப் பணமாகக் கொடுத்துவிட வேண்டும். தோல் ஏழைக்கோ மதரஸாவுக்கோ தர்மமாகப் போகட்டும்.

அடக்கம் என்பது என்ன?

நம் வர்த்தகர் "எனக்கு அடக்கமே இவ்வளவு" என்று சொல்வதுண்டு. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன், 1197-இல் காலமான இமாம் மர்ஙீனானி எழுதிய ஹிதாயா என்னும் ஹனபி சட்டநூல் இதே விஷயத்தைப் பேசுகிறது. வாங்கிய விலையோடு செலவுகளைச் சேர்த்து அதன்மேல் லாபம் வைத்து விற்பவர், "நான் இத்தனைக்கு வாங்கினேன்" என்று சொல்லக்கூடாது. "எனக்கு இத்தனை அடங்கியது" என்று சொல்ல வேண்டும். முதற்சொல் பொய்யாகிவிடும், இரண்டாவது உண்மை. நம் பேச்சிலுள்ள அடக்கம் என்ற சொல் இதற்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது!

எந்தச் செலவு அடக்கத்தில் சேரும் என்பதற்கும் அந்நூல் ஆட்டையே உதாரணமாக எடுக்கிறது. ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும் செலவு சேரும். மேய்ப்பவன் கூலி சேராது. ஓட்டிவருவது சரக்கை இடம் மாற்றி மதிப்பைக் கூட்டுகிறது, காவல் காப்பது கூட்டவில்லை என்பது காரணம். வியாபாரி தனக்காகச் செய்துகொண்ட சாப்பாட்டுச் செலவும் வழிச்செலவும் சேரா. இவற்றை வாங்கவே கூடாதென்று பொருளல்ல. அடக்கம் என்ற பெயருக்குள் ஒளித்துவைக்காமல் தனியே சொல்லிப் பேசி வாங்கிக்கொள்ளலாம்.

மேற்சொன்ன 24 கிலோ ஆட்டையே எடுத்துக்கொள்வோம். ஆடு 9,600 ரூபாய். தரகு 200, சந்தைச் சுங்கம் 50, வண்டி 250, பெருநாள்வரை தீனி 150. அடக்கம் 10,250 ரூபாய். அறுப்புக் கூலி 500, காவல் கூலி 300 என்று தனியே எழுதினால் மொத்தம் 11,050 ரூபாய். ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று கொண்டால் 170 வெள்ளி. இங்கே பொறுப்பேற்பவர் தம் பாட்டுக்கு 15 வெள்ளி என்று வைத்தால் 185 வெள்ளி. அதே செலவுகளோடு அந்த 15 கிலோக் குட்டியை வாங்கினால் 115 வெள்ளிக்குள் எல்லாம் முடிந்துவிடும். எல்லாரும் 185 சொல்லும்போது ஒருவர் மட்டும் 130 சொன்னால், அவருடைய ஆட்டின் வாயைத் திறந்து காட்டச் சொல்வது தவறாகாது.

வக்கீலா, வியாபாரியா?

விலையின் மறுபாதி இக்கேள்வியில் இருக்கிறது. வாடிக்கையாளர் கையில் 185 வெள்ளியை வாங்கும்போது நாம் யார்? அவருக்காக ஆடு வாங்கும் வக்கீலா, அல்லது அவருக்கு ஆட்டை விற்கும் வியாபாரியா? பெரும்பாலோர் இதைத் தீர்மானிக்காமலே பணத்தை வாங்கிவிடுகிறார்கள். ஆனி மாதத்தில் ஆடு விலை சரிந்து 150 வெள்ளியிலேயே காரியம் முடிந்தால் வியாபாரியாகி மீதியை வைத்துக்கொள்வதும், விலை ஏறிவிட்டால் வக்கீலாகி "இன்னும் இருபது வெள்ளி கொடுங்கள்" என்பதும் நியாயமாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உர்வா அல்-பாரிக்கீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரச் சொன்ன வரலாறு புகாரி ஷரீபில் இடம்பெற்றிருக்கிறது. உர்வா (ரலி) அவர்கள் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மகிழ்ந்து அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காகத் துஆ செய்தார்கள். அதன்பின் மண்ணை வாங்கினாலும் அவருக்கு லாபம் வரும் என்று சொல்லும்படி ஆயிற்று. அரைத் தீனாருக்கு வாங்கியதை ஒரு தீனாருக்கு விற்றது நூற்றுக்கு நூறு லாபம் என்பதை நம் வர்த்தகர்கள் உடனே கவனிப்பார்கள். அதை யாரும் கண்டிக்கவில்லை. லாபத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று மார்க்கம் எல்லை கட்டவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த லாபத் தீனார் யாரிடம் போய்ச் சேர்ந்தது? பணத்துக்கு உரியவரிடம். ஆடு ஒன்றுதான் கேட்கப்பட்டது. ஆட்டை மட்டும் கொடுத்திருந்தால் கேட்டவருக்குக் குறை ஒன்றும் தெரிந்திராது. ஆனாலும் தீனார் சட்டைப்பைக்குள் போகவில்லை.

ஆகவே வக்கீலாக இருப்பவர் தம் கூலியை முதலிலேயே சொல்லி வாங்கிக்கொள்ளட்டும். சந்தையில் பேசிக் குறைத்தது, பத்து ஆடு சேர்த்து வாங்கியதால் கிடைத்த தள்ளுபடி, நாணய மாற்றில் வந்த மிச்சம் எல்லாம் பணம் கொடுத்தவருடையவை. வக்கீல் தம் சொந்த ஆட்டைத் தாமே விலைபேசித் தம் கட்சிக்காரருக்கு வாங்கவும் முடியாது. மச்சான் மந்தையிலிருந்து வாங்குவதாயிருந்தால் அதைச் சொல்லிவிடுவது மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

வியாபாரியாகவே இருக்க விரும்புகிறவருக்கும் வழி உண்டு. முன்பணம் வாங்கிப் பின்னர் சரக்குக் கொடுக்கும் ஸலம் வியாபாரம் ஷாபிஈ மத்ஹபில் கால்நடைக்கும் கூடும். முழு விலையையும் பேசிய இடத்திலேயே பெற்றுக்கொண்டு, இனம், ஆணா பெண்ணா, வயது, நிறம், அளவு, ஒப்படைக்கும் நாள் எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டும். அப்போது விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருடையது. ஹனபி மத்ஹபில் கால்நடைக்கு ஸலம் கூடாது. வாடிக்கையாளரில் இரு சாராரும் இருப்பதால், வக்கீலாகப் பொறுப்பேற்பதே நமக்கு இலேசான வழி என்று தோன்றுகிறது. ஆட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் படத்தைக் காட்டி, அடக்கமும் லாபமும் சொல்லி விற்பது இரு மத்ஹபுக்கும் பொருந்தும். ஆனால் அதற்கு முதல் வேண்டும், பெருநாள்வரை ஆட்டைக் காக்கும் பொறுப்பும் வேண்டும்.

சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது. வாங்கும் எண்ணமில்லாதவர் நடுவே புகுந்து விலை ஏற்றுவதற்கு இதில் இடம் குறைவு என்பது ஒரு நன்மை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியவருக்கு, துண்டுக்குள் பேசிய விலை ஒன்றாகவும் தம் காதுக்கு வந்த விலை வேறொன்றாகவும் இருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. விலை முடிந்தவுடன் விற்றவர் பெயர், ஊர், பல், எடை, கிரயம் இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கும்படி ஊராளிடம் சொல்லிவைக்க வேண்டும். பணம் கொடுத்தவர் ஹனபியா ஷாபிஈயா என்பதையும் அதே சீட்டில் எழுதினால், காது வெட்டுப்பட்ட ஆடு ஷாபிஈக்காரர் பேருக்குப் போய்விடாது.

அறுக்கும் நாளும் விலையைத் தொட்டதே. பெருநாள் தினம் கழிந்ததும் சந்தையில் விலை தணிவது இயல்பு. துல்ஹஜ் 10, 11, 12 ஆகிய மூன்று நாளும் ஹனபிக்கு; ஷாபிஈக்கு 13-ஆம் நாளும் உண்டு. இந்தியாவில் பிறை சிங்கப்பூருக்கு ஒரு நாள் பிந்துவதுண்டு. அறுப்புக்கு அவ்வூர்ப் பெருநாளைத்தான் பார்க்க வேண்டும். பணம் குறைவாகக் கொடுத்த ஷாபிஈக்காரருக்கு, குட்டி ஆட்டைத் தேடாமல், மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் ரெண்டு பல் ஆடாகவே வாங்கிவிடலாம். அவ்வாறு வாங்கினால் அந்நாள் விலையையே அவர் கணக்கில் எழுத வேண்டும். முதல் நாள் விலையை எழுதக் கூடாது.